விவரப் பட்டியலில் இல்லாத கேள்விகள்: வடக்கில் ஒரு குடும்பம் வான் வாங்கும்போது

ஸ்காபரோவில் இருக்கும் அக்கா சில மாதங்களுக்கு முன் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஓர் அட்டவணை அனுப்பியிருந்தார். ஐந்து வான்கள், பதினான்கு விடயங்கள். இயந்திரத்தின் கன அளவு, இருக்கைகளின் எண்ணிக்கை, ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர், எயார் பாக், பின்பக்கக் கமரா என்று எல்லாம் இருந்தன. கீழே ஒரு குறிப்பு: "தங்கச்சி, இதில எது சரிவருமெண்டு நீ போய்ப் பார். காசில பாதி நான் போடுறன்."

அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு அவர் இரண்டு கேள்விகள்தான் கேட்டார். "கொண்ணன் உதுக்குள்ள எப்பிடிப் பிள்ளை ஏறுவான்?" என்பது முதலாவது. "வெள்ளை நிறமோ?" என்பது இரண்டாவது.

இரண்டுக்கும் அட்டவணையில் பதில் இல்லை. உற்பத்தி நிறுவனங்களின் விவரப் பட்டியலிலும் இல்லை. யாழ்ப்பாணம், வவுனியா, கொழும்பின் புறநகர் என்று சில வாரங்கள் வாகன விற்பனை நிலையங்களில் அலைந்தபோது நான் தேடியது பெரும்பாலும் அந்த இரண்டு கேள்விகளுக்கான பதிலைத்தான். எங்களைப் போல ஒரு வானைப் பற்றி யோசிக்கும் குடும்பங்கள் வடக்கு, கிழக்கில் நிறைய உண்டு. அவர்களுக்கு உதவக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. டொலரை மிச்சப்படுத்துவதற்காகத் தற்காலிகமாக என்று சொல்லப்பட்ட அந்தத் தடை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நீடித்தது. இடையில் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று நாடு அறிவித்தது. 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் 360 ரூபாய் வரை போய், பின்னர் 300 ரூபாய் அளவில் வந்து நின்றது. 2025 பெப்ரவரி 1 முதல் தனியார் பாவனை வாகனங்களை மீண்டும் இறக்குமதி செய்யலாம் என்று அரசு அனுமதித்தது.

கதவு திறந்தது. ஆனால் அது மக்களின் வசதிக்காகத் திறந்த கதவு என்று நினைத்துவிடக் கூடாது. சர்வதேச நாணய நிதியத்தின் வேலைத்திட்டத்தின் கீழ் அரசுக்கு வருமானம் வேண்டும். வாகனம் வாங்குபவரிடம் வரி அறவிடுவது சுலபம். 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் எதிர்பார்த்த மேலதிக வருமானத்தில் வாகன இறக்குமதி வரிக்குப் பெரிய இடம் இருந்தது. எனவே புதிய வான் ஒன்றின் விலையைக் கேட்கும்போது, அதில் கணிசமான பகுதி வாகனத்துக்கான விலையல்ல, அரசுக்கான வரி என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வரி எப்படிக் கணிக்கப்படுகிறது என்பதை விளங்கிக்கொண்டால் அட்டவணையில் பாதி தானாகவே தெளிவாகிவிடும். உற்பத்தி வரி இயந்திரத்தின் கன அளவைப் பொறுத்தது. ஒவ்வொரு கன சென்ரிமீற்றருக்கும் இவ்வளவு ரூபாய் என்று கணக்கு. கன அளவு ஒரு படியைத் தாண்டி அடுத்த படிக்குப் போனால், கூடுதலான அளவுக்கு மட்டுமன்றி முழு அளவுக்கும் உயர்ந்த வீதமே அறவிடப்படும். மின்சார வாகனமாயின் மோட்டாரின் கிலோவாட் வலுவைப் பார்ப்பார்கள். அதற்கு மேல் சுங்க வரி, குறித்த பெறுமதியைத் தாண்டினால் சொகுசு வரி, எல்லாவற்றையும் கூட்டிய பின் 18 வீதப் பெறுமதி சேர் வரி. வரிக்கு மேல் வரி.

ஆகவே 1,500 கன சென்ரிமீற்றர் என்ற கோடு எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு முக்கியமான எல்லை. அக்காவின் அட்டவணையில் இருந்த ஐந்தில் ரொயோட்டா சியென்டா 1,490. ஹொண்டா ஃப்ரீட் 1,496. இரண்டும் கோட்டுக்குள் நிற்கின்றன. ரொயோட்டா நோவாவின் ஹைபிரிட் 1,797. அதன் பெற்றோல் வகை 1,986. ஹொண்டா ஸ்டெப்வகனின் ஹைபிரிட் 1,993. இவை மேலே. நிசான் செரீனாவின் ஈ-பவர் வகையில் இருப்பது 1,433 இயந்திரம். அது மின்சாரம் உற்பத்தி செய்ய மட்டுமே ஓடுகிறது, சில்லுகளைச் சுழற்றுவது மோட்டார். சாதாரண பெற்றோல் செரீனாவில் 1,997 இயந்திரம். ஒரே பெயர்ப்பலகை உள்ள இரண்டு வான்களுக்கு ஏன் அவ்வளவு விலை வித்தியாசம் என்று குழம்புபவர்கள் இந்த எண்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எத்தனை பேர், எந்த ஒழுங்கை

எங்கள் வீட்டில் ஆறு பேர். அம்மா, அண்ணா, அண்ணி, இரண்டு பிள்ளைகள், நான். ஓட்டப்போவது நான்.

நான்கு பேருக்குள் அடங்கும் குடும்பங்கள் இங்கே பரவலாக நாடுவது சுசுகி எவ்ரி. ஜப்பானின் சிறு வாகன விதிப்படி அதன் இயந்திரம் 660 கன சென்ரிமீற்றருக்குள், நீளம் 3.4 மீற்றருக்குள், ஆட்கள் நான்கு பேருக்குள் இருக்க வேண்டும். ஊருக்குள் ஓடவும் கடைச் சாமான் ஏற்றவும் அது போதும். நாலு பேருக்கென்று செய்த அந்த வண்டியில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஏ-9 வீதியில் போவதைப் பார்க்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

மறுபக்கம் ஹயஸ். எங்கள் ஊர்களில் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் கோயிலுக்கும் ஓடுவது அதுதான். கராஜில் திருத்தத் தெரிந்தவர்கள் ஏராளம், உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும். ஜப்பானில் 2004 இல் வந்த அந்த வடிவம்தான் இங்கே நாங்கள் கே.டி.எச். என்று சொல்வது. அதில் இயந்திரம் முன்னிருக்கைகளுக்குக் கீழே இருப்பதால் தரை உயரம். சாரதிக்கு முன்னால் மோதலைத் தாங்கும் இடமும் குறைவு. 2019 இல் வேறு சந்தைகளுக்கு வந்த, முன்னால் மூக்கு நீண்ட புதிய ஹயஸ் அவுஸ்திரேலியாவின் பாதுகாப்புப் பரிசோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. ஆனால் ஜப்பானிலிருந்து இங்கு வந்து சேர்வது பெரும்பாலும் பழைய வடிவம்தான்.

இந்த இரண்டுக்கும் இடைப்பட்டவைதான் அக்கா அனுப்பிய ஐந்தும். நோவா, செரீனா, ஸ்டெப்வகன் ஆகியவற்றில் ஏழு அல்லது எட்டுப் பேர் இருக்கலாம். சியென்டாவில் ஐந்து அல்லது ஏழு. ஃப்ரீட்டில் வகையைப் பொறுத்து ஐந்து, ஆறு, ஏழு. "ஏழு சீற்" என்று விற்பவர் சொன்னால் மூன்றாவது வரிசையில் நீங்களே ஏறி இருந்து பாருங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குச் சரியாக இருக்கும் இடத்தில் 65 வயது அம்மா கொழும்பு வரை இருக்க முடியாது.

அகலத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டு ஒழுங்கையில் இரண்டு பக்கமும் மதில். ஃப்ரீட்டும் சியென்டாவும் 1,695 மில்லிமீற்றர் அகலம். நோவா 1,730. ஸ்டெப்வகன் 1,750. கடதாசியில் ஐந்து சென்ரிமீற்றர் சிறிய வித்தியாசம். படலைக்குள் திருப்பும்போது அது கண்ணாடி உடைவதா இல்லையா என்ற வித்தியாசம். பட்டியலில் தரப்படும் அகலத்தில் பக்கக் கண்ணாடிகள் சேர்வதில்லை என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

அண்ணா எப்படி ஏறுவார்

அண்ணாவுக்கு 2009 இல் வன்னியில் ஷெல் துண்டு முள்ளந்தண்டில் பட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. அவரை ராகம புனர்வாழ்வு வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்வர வாடகைக்கு எடுத்த ஹயஸ்களின் கணக்கை அம்மா ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் அவரை இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். பஸ்ஸில் போகலாமே என்று கேட்பவர்கள் பஸ்ஸின் படியை ஒருமுறை அளந்து பார்க்கட்டும். 2014 இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது நாங்களும் சந்தோஷப்பட்டோம். ஆனால் ரயில் பெட்டியின் படிகளில் சக்கர நாற்காலி ஏறாது.

எனவே நான் எல்லா விற்பனை நிலையங்களுக்கும் அளவு நாடாவோடு போனேன். பக்கக் கதவின் தரை நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர் அநேகமாக இல்லை. அளந்துதான் பார்க்க வேண்டும். சியென்டாவில் அது 33 சென்ரிமீற்றர் அளவு. செயற்கைக் கால் அணிந்தவருக்கும் முழங்கால் தேய்ந்த அம்மாவுக்கும் அது பெரிய ஆறுதல். நோவாவின் 2022 வடிவத்தில், கதவு திறக்கும்போது வெளியே வரும் ஒரு துணைப்படியை மேலதிகமாகப் பொருத்திப் பெறலாம். அது நிலத்திலிருந்து ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும். ஏலத்தில் எடுக்கும் வாகனத்தில் அது பூட்டியிருக்கிறதா என்று படம் பார்த்து உறுதிப்படுத்த வேண்டும்.

இன்னொன்றையும் இந்த அலைச்சலில் அறிந்துகொண்டேன். ஜப்பானில் சக்கர நாற்காலி பாவிப்போருக்காகவே செய்யப்பட்ட வகைகள் உண்டு. ரொயோட்டா அவற்றை வெல்காப் என்ற பெயரில் விற்கிறது. பின்கதவைத் திறந்தால் சரிவுப்பலகை இறங்கும், நாற்காலியோடு உள்ளே போய் கொழுவிகளால் பிணைத்துக்கொள்ளலாம். நோவாவிலும் சியென்டாவிலும் இது இருக்கிறது. ஹொண்டாவிலும் ஃப்ரீட்டின் சரிவுப்பலகை வகை இருக்கிறது. வேறு சிலவற்றில் இருக்கை கதவுக்கு வெளியே திரும்பிக் கீழே இறங்கும். ஜப்பானிய ஏலங்களில் இவை அபூர்வமானவை அல்ல. நான் கேட்ட ஓர் இடத்தில் விற்பனையாளர் சொன்னது இது: "அது நோயாளி வாகனம் அக்கா, பிறகு விக்கேலாது."

எனக்கு இது பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அண்ணாவுக்குக் காணொளி காட்டினேன். பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "என்னைப் பின்னால சாமான் மாதிரி ஏத்தாதேங்கோ. நான் முன்னால இருந்து றோட்டைப் பாக்க வேணும்."

ஊடகக் கற்கை படித்தபோது எங்களுக்கு முதலில் சொல்லித் தந்தது, எந்தப் பிரதியை வாசித்தாலும் இது யாருக்காக எழுதப்பட்டது, யாரிடம் கேட்கப்படவில்லை என்று பார்க்க வேண்டும் என்பதுதான். ஜப்பானிய நிறுவனத்தின் பட்டியலை அப்படி வாசித்த நான், என் சொந்த அண்ணாவிடம் மூன்று வாரமாகக் கேட்கவே இல்லை.

அதன் பிறகு அவரே கணக்குச் சொன்னார். கைகளில் பலம் உள்ளவர் நாற்காலியிலிருந்து இருக்கைக்குத் தானே மாறலாம். அதற்கு இரண்டின் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். அவருடைய நாற்காலியின் இருக்கை மெத்தையோடு சேர்த்து 50 சென்ரிமீற்றர். முன்னிருக்கை அதைவிட அதிகம் உயர்ந்தால் முடியாது. முன்கதவு அகலமாகத் திறக்க வேண்டும், மேலே பிடிக்கக் கைப்பிடி வேண்டும். மடித்த நாற்காலியை வைக்கப் பின்னால் இடம் வேண்டும். நோவாவிலும் செரீனாவிலும் ஃப்ரீட்டிலும் மூன்றாவது வரிசை இரு பக்கச் சுவர்களோடு மடிந்து நிற்கும். ஸ்டெப்வகனில் அது தரைக்குள் போய்விடும். சியென்டாவில் இரண்டாம் வரிசைக்குக் கீழே போகும். எதிலென்றாலும் ஆறு பேரும் நாற்காலியும் ஒன்றாகப் போக முடியுமா என்பதை, நாற்காலியைக் கொண்டுபோய் ஏற்றிப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

குளிரூட்டியும் எங்களுக்குச் சொகுசுப் பொருள் அல்ல. முள்ளந்தண்டின் மேற்பகுதியில் காயப்பட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, உடல் சூட்டைத் தணிக்க முடியாது. அநுராதபுரத்து மதிய வெயிலில் பின்வரிசை வேகும். சியென்டாவின் கூரையில் இருப்பது முன்னால் வரும் குளிரைப் பின்னால் தள்ளும் விசிறி மட்டுமே, அதுவும் சில வகைகளில்தான். 2024 இல் வந்த புதிய ஃப்ரீட்டில் பின்வரிசைக்கான குளிரூட்டி வந்திருக்கிறது. நோவாவில் வகையைப் பொறுத்தது. "ஏ.சி. இருக்கு" என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள், கூரைத் துவாரத்தில் கையை வைத்துப் பாருங்கள்.

எரிபொருள் என்றால் எங்களுக்கு என்ன ஞாபகம்

நோவா ஹைபிரிட் லீற்றருக்கு 23 கிலோமீற்றர் ஓடும் என்று ஜப்பானியப் பட்டியல் சொல்கிறது. ஆறு பேரோடும் குளிரூட்டியோடும் அது கிடைக்காது. ஆனாலும் இந்த எண்ணை மற்றவர்களைவிட நாங்கள் கவனமாகப் பார்க்கக் காரணம் உண்டு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களின் புகையில் வளர்ந்த தலைமுறை நாங்கள்.

அது பழைய கதை என்பவர்களுக்கு 2022 ஐ ஞாபகப்படுத்துகிறேன். கியூ.ஆர். முறை வந்தபோது ஒரு வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் வான் ஒரு கிழமைப் பங்கீட்டில் பாதி வழியில் நின்றுவிடும். 18 ஓடும் வான் கொழும்புக்குக் கிட்டப் போய்விடும். வைத்தியசாலைத் திகதி எந்த வரிசைக்காகவும் காத்திருப்பதில்லை.

ஹைபிரிட் எடுப்பவர்கள் பற்றரியைப் பற்றிக் கேட்க வேண்டும். 2014 முதல் 2021 வரை வந்த நோவா ஹைபிரிட்டில் நிக்கல் வகைப் பற்றரி. 2022 வடிவத்தில் லித்தியம். பழையதை வாங்கினால், நம்பிக்கையான கராஜில் கணினியைப் பொருத்திப் பற்றரியின் நிலையைப் பார்த்த பின்பே முற்பணம் கொடுங்கள். இன்னொன்று, இந்த ஹைபிரிட் வான்கள் பலவற்றில் மேலதிக ரயர் கிடையாது, ஒட்டும் பசையும் காற்றுப் பம்பும்தான். இரவு பன்னிரண்டு மணிக்கு முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் ரயர் வெடித்தால் பசை உதவாது.

கடதாசிகளை வாசிப்பது

ஜப்பானிலிருந்து வரும் பாவித்த வாகனத்துக்கு ஏல அறிக்கை என்று ஒரு தாள் இருக்கும். அதில் வாகனத்தின் ஒட்டுமொத்த நிலைக்கு எண்ணாலும் உட்புறத்துக்கு எழுத்தாலும் தரம் போட்டிருப்பார்கள். நான்கு, நான்கரை நல்ல தரம். ஆர் என்று இருந்தால் விபத்தில் திருத்தியது. விற்பவர் காட்டும் பிரதியை மட்டும் நம்பாமல், அடிச்சட்ட இலக்கத்தைக் கொடுத்து மூல அறிக்கையை நீங்களே எடுப்பிக்கலாம். அதற்குச் சிறு கட்டணம் ஆகும். ஓடிய கிலோமீற்றர் குறைக்கப்பட்டிருந்தால் அங்கேதான் பிடிபடும்.

லீசிங் கடதாசி இதைவிடக் கடினம். ஓரிடத்தில் எனக்குக் காட்டிய ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது, விளக்கத் தாள் சிங்களத்தில் இருந்தது. தமிழில் கேட்டபோது "சொல்லித்தாறன், கையெழுத்துப் போடுங்கோ" என்றார்கள். நான் போடவில்லை. தவணை தவறினால் எத்தனை நாளில் வாகனத்தை எடுப்பார்கள், தண்டப்பணம் எவ்வளவு, முன்கூட்டியே கட்டி முடித்தால் என்ன அறவிடுவார்கள் என்ற மூன்றையும் தமிழில், எழுத்தில் கேளுங்கள். அது உங்கள் உரிமை. நுண்கடனால் எங்கள் பெண்கள் பட்டபாடு 2018 இல் அரசே ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்யும் அளவுக்குப் போனது. கடனில் வாங்கிய வானை அதே கடன் முற்றத்தில் வந்து எடுத்துக்கொண்டு போவதைப் பார்க்க எங்களுக்குப் புதிதாக ஒரு வான் தேவையில்லை.

வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்பும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. வான் வாங்கும் அன்று செலவு முடிவதில்லை. காப்புறுதி, வருமான வரிப்பத்திரம், ரயர், ஒருநாள் வரப்போகும் பற்றரி மாற்றம் என்று ஆண்டுதோறும் தொடரும். அதை யார் கட்டுவது என்பதை முதலிலேயே பேசிக்கொள்வது உறவுக்கும் நல்லது.

சலுகை யாருக்கு

இந்த நாட்டுக்கு வாகன வரியில் சலுகை கொடுக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் உயர் அலுவலர்களுக்கும் வரிச்சலுகை அனுமதிப்பத்திரம் வழங்கிய நீண்ட வரலாறு உண்டு. அவற்றில் பல கைமாறி விற்கப்பட்டதும் ஊரறிந்த விடயம்.

மறுபக்கத்தில், இயலாமை உள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இலேயே வந்தது. அணுகும் வசதிகளுக்கான ஒழுங்குவிதிகள் 2006 இல் வர்த்தமானியில் வந்தன. 2016 இல் ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. இவ்வளவுக்கும் பிறகு வரிச் சூத்திரம் பார்ப்பது கன அளவையும் எரிபொருள் வகையையும் வயதையும் பெறுமதியையும். சரிவுப்பலகை இருக்கிறதா என்பது அதில் ஒரு காரணி அல்ல. சொகுசுக்காக வாங்கும் 1,800 சி.சி. வானும், காலை அசைக்க முடியாத ஒருவருக்காக வாங்கும் 1,800 சி.சி. வானும் அந்தச் சூத்திரத்துக்கு ஒன்றே.

போர் நடந்த மாவட்டங்களில் எத்தனை வீடுகளில் சக்கர நாற்காலி நிற்கிறது என்பதைப் பிரதேச செயலகங்கள் அறியும். தாழ்ந்த தரையுள்ள பஸ்கள் இந்தப் பக்கம் ஓடினால், சரிவுப்பலகையோடு ஒரு ரயில் பெட்டி இருந்தால், எங்களில் பலர் வான் வாங்கவே யோசிக்க மாட்டோம். பொதுப் போக்குவரத்தைச் சரிசெய்யாத அரசு, அதனால் வான் வாங்கத் தள்ளப்படும் குடும்பத்திடம் சொகுசு வாங்குபவரிடம் அறவிடும் வரியையே அறவிடுகிறது. எங்கள் பிரதிநிதிகள் வரவு செலவுத் திட்ட விவாதத்தில் எழுப்ப வேண்டிய விடயம் இது. சக்கர நாற்காலிக்காக வடிவமைத்த வாகனங்களுக்குத் தெளிவான வரிக்குறைப்பு, தமிழில் விண்ணப்பம், மாவட்டத்திலேயே முடிவு. இதைக் கேட்பது பெரிய கோரிக்கை அல்ல.

வெள்ளை

அம்மாவின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

விற்பனை நிலையங்களில் நாங்கள் பார்த்த பதினொரு வான்களில் எட்டு வெள்ளை அல்லது முத்து வெள்ளை. வெள்ளைக்குத்தான் மறுவிற்பனைப் பெறுமதி அதிகம், வெயிலில் சூடேறுவதும் குறைவு. நான் பேசிய எல்லாத் தரகர்களும் இதையே சொன்னார்கள். வாகனச் சந்தையின் கணக்குப்படி அவர்கள் சொல்வது சரி.

அம்மாவின் தம்பியை 2007 இல் வவுனியாவில் வெள்ளை வானில் வந்தவர்கள் கொண்டுபோனார்கள். அந்த ஆண்டுகளில் இலக்கத்தகடு இல்லாத வெள்ளை வான்கள் என்ன செய்தன என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகத்தின் 2015 செப்டெம்பர் அறிக்கையிலும் அது பதிவாகியிருக்கிறது. காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016 இல் வந்தது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் உறவுகள் தொடங்கிய தொடர் போராட்டத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அம்மாவும் சில நாட்கள் அங்கே போய் இருந்தவர்.

வாகனத்தின் நிறத்தைப் பிறகு மாற்றலாமே என்று அக்கா சொன்னார். மாற்றலாம். நிறம் பதிவுப் புத்தகத்தில் இருப்பதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்த வேண்டும், பூசும் செலவு தனி. ஆனால் அம்மா கேட்டது செலவைப் பற்றியல்ல. "இரவில உது படலையடியில வந்து நிண்டா எனக்கு நெஞ்சு இடிக்கும் பிள்ளை. நீதான் வாறாய் எண்டு தெரிஞ்சாலும் இடிக்கும்" என்றார். பதினெட்டு வருடம் கழித்து, தன் மகள் ஓட்டி வரும் வாகனம் என்று தெரிந்திருந்தும், அவருக்கு அப்படி இருக்கிறது. மறுவிற்பனைப் பெறுமதி என்ற வாதத்தை அதன் பிறகு நான் வீட்டில் எடுக்கவில்லை.

இப்போது அக்காவின் அட்டவணையில் நான் ஐந்து விடயங்களைச் சேர்த்திருக்கிறேன். தரையின் உயரம். முன்னிருக்கையின் உயரம். பின்வரிசைக் குளிரூட்டி. நாற்காலியை மடித்து வைத்த பின் மிஞ்சும் இருக்கைகள். நிறம். புதிய நோவாவின் விலையில் வரிக்குப் போகும் தொகையைப் பார்த்துவிட்டு அதை விட்டுவிட்டோம். ஏற்கெனவே இங்கு பதிவான பழைய வடிவ நோவா ஹைபிரிட் ஒன்றைத் தேடுகிறோம். கடந்த வாரம் ஒன்று பார்த்தோம். அண்ணா நாற்காலியை முன்கதவோடு அணைத்து, கைப்பிடியைப் பிடித்து, யாருடைய உதவியும் இல்லாமல் மாறி இருந்தார். பற்றரியும் பரவாயில்லை என்றார்கள். அது முத்து வெள்ளை.

தரகரிடம் கடும் நீலமோ கறுப்போ வந்தால் சொல்லச் சொல்லியிருக்கிறோம். கொஞ்ச நாள் எடுக்கும் என்கிறார். அடுத்த ராகமத் திகதிக்கும் வாடகை வான்தான்.